ராய்ஸ் கட்லரின் கை

என்னைத் திருடி என்று சொல்லி வழக்குப் போட்ட மனிதரை, கம்ப்யூட்டர் கம்பெனிகள் மண்டிய எங்கள் பள்ளத்தாக்கில் இன்றைக்கும் மேடையேற்றிப் பேசச் சொல்கிறார்கள். தலைப்பு பெரும்பாலும் "எதிர்காலத்தை முன்கூட்டியே பார்ப்பது எப்படி" என்று இருக்கும். அதற்கு டிக்கெட் வேறு. நான் போனதில்லை. ராய்ஸ் கட்லர் எதிர்காலத்தைப் பார்த்த லட்சணத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான், காசு கொடுத்து இன்னொரு முறை பார்க்க வேண்டிய அவசியமில்லை.

என் பெயர் வாண்டா கெசல். எண்பதுகளின் ஆரம்பத்தில் சன்னிவேலில் விட்லாக் சிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டு மேஜையில் வைக்கிற கம்ப்யூட்டர் செய்யப் போகிறேன் என்று அப்போது தெருவுக்குத் தெரு ஆள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் கிளம்பியவர் பல் டாக்டர். என் முதலாளி கென்ட் விட்லாக் அதற்கு முன்னால் நீச்சல் குளத்துக்குப் பம்பு விற்றவர்.

கென்ட் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்றால், எதை எங்கே பார்த்தாலும் "நல்லா இருக்கே, நாமளும் செய்வோம்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ரகம். மற்ற முதலாளிகள் சொல்லாமல் செய்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் கம்ப்யூட்டருக்கு பேட்ஜர் என்று பெயர். அதன் பெட்டி ஒரு கம்பெனியைப் பார்த்துச் செய்தது, விசைப்பலகை இன்னொரு கம்பெனியைப் பார்த்துச் செய்தது. விளம்பரத்தில் பேட்ஜரைச் சுற்றி நின்று சிரிக்கிற குடும்பம்கூட போட்டிக் கம்பெனியின் விளம்பரத்தில் சிரித்த அதே குடும்பம்தான். அப்பா, அம்மா, பல் விழுந்த பெண் குழந்தை என்று மொத்தமாகக் கூப்பிட்டு வந்துவிட்டார் கென்ட்.

அந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோவில் பெரிய கம்ப்யூட்டர் கண்காட்சி நடந்தது. கென்ட்டும் நானும் போயிருந்தோம், ஊரார் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து வர. எல்லோரும் அதற்குத்தான் வந்திருந்தார்கள் என்பதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கூட்டம் அதிகமாக இருந்தது கட்லர் மைக்ரோவின் கடையில். அதன் முதலாளிதான் ராய்ஸ் கட்லர். நீளமான விரல்கள், வெல்வெட் கோட்டு, பாதிரியார் குரல். தரை வரை கறுப்புத் துணி விரித்த ஒரு மேஜை. அதன்மேல் அவருடைய புதிய கம்ப்யூட்டர் ஓரியோல்.

திரையில் ஒரு கடிதம் தெரிந்தது. அதன்மேல் ஒரு ஓரமாக, கணக்குப் போட்ட தாள் ஒன்று சின்ன ஜன்னல் மாதிரி திறந்திருந்தது. ராய்ஸ் மேஜைமேல் இருந்த மவுஸைப் பிடித்து மெதுவாக இழுத்தார். அந்த ஜன்னல் கடிதத்தின்மேல் வழுக்கிக்கொண்டு இடது பக்கம் போனது. போன வழியில் கடிதத்தின் ஒரு எழுத்துகூடச் சேதமாகவில்லை. போய் நின்றதும் அந்த ஜன்னல் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி உட்கார்ந்தது.

கூட்டம் 'ஆ' என்றது. நானும் 'ஆ' என்றேன்.

இதில் 'ஆ' சொல்ல என்ன இருக்கிறது என்று இன்றைக்குக் கேட்பார்கள். அன்றைக்கு எங்கள் மெஷின்களில் ஒன்றன்மேல் ஒன்றை இழுத்தால் அடியில் இருந்தது அழிந்துபோகும். போன தடமெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அடியில் என்ன இருந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தக் குட்டி மெஷின்களுக்கு மெமரி கிடையாது. கிடையவே கிடையாது என்று இதே கென்ட்டுக்கு நான் கரும்பலகையில் படம் போட்டு நிரூபித்திருந்தேன்.

கூட்டத்திலிருந்து ஒருவர், "நான் ஒரு தடவை இழுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டார்.

"மூணே மாசம் பொறுத்துக்கங்க. உங்க வீட்டுலயே வச்சு நாள் பூரா இழுங்க" என்றார் ராய்ஸ். எல்லோரும் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார்.

கென்ட் என் முழங்கையைக் கிள்ளினார். "வாண்டா, இது நடக்காதுன்னு சொன்னே."

"சொன்னேன்."

"அவன் நடத்திட்டான்."

"தெரியுது கென்ட். கண்ணு இருக்கு எனக்கு."

"படமெல்லாம் போட்டுக் காட்டினியேம்மா. அம்புக்குறி எல்லாம் வச்சு, கலர் சாக்பீஸ்ல."

"இப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?"

"நல்லா இருக்கே. நாமளும் செய்வோம்" என்றார்.

ஒன்றை மட்டும் அன்றைக்குக் கவனித்தேன், கவனித்து விட்டுவிட்டேன். இழுக்கும்போது ராய்ஸின் உதடுகள் லேசாக அசைந்துகொண்டிருந்தன. ஜெபம் செய்கிறார் போல என்று நினைத்தேன். கண்காட்சியில் டெமோ காட்டுகிற எல்லோருமே ஜெபம் செய்வோம், மெஷின் நின்றுவிடக் கூடாதே என்று.

அடுத்த ஒரு வருஷம் நான் மனுஷியாக இல்லை. முடியாது என்று நினைத்திருந்தவரை நிம்மதியாகத் தூங்கினேன். இன்னொருத்தன் முடித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு தூக்கம் எங்கிருந்து வரும்? அதிலும் முடித்தது மார்வ் பெட்ராஸ்கி. கட்லர் மைக்ரோவின் தலைமை எஞ்சினியர். என்னோடு கல்லூரியில் படித்தவன். பரீட்சையில் நான்தான் எப்போதும் ஒரு மார்க்காவது கூட வாங்குவேன். மார்வால் முடிந்தது என்னால் முடியாதா என்ற ஒரே வீம்பில் உட்கார்ந்தேன்.

வழி கிடைத்தது ஆபீஸில் இல்லை. ஒரு சனிக்கிழமை வீட்டில் சோபாவை நகர்த்திவிட்டுக் கம்பளத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். சோபா ஒரு முழம் நகர்ந்தால் புதிதாக வெளியே தெரிவது ஒரு முழம்தான். அதைச் சுத்தம் செய்தால் போதும், அறை முழுக்கப் பெருக்க வேண்டியதில்லை. சோபாவுக்கு அடியில் என்ன இருந்தது என்று ஞாபகமும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்படியே குப்பை உறிஞ்சும் மெஷினைப் போட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன். திங்கட்கிழமை திரும்பி வந்தபோது அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அடியில் இருப்பதை நினைவில் வைக்காதே, வெளியே தெரிகிற துண்டை மட்டும் புதிதாக வரை. சொல்ல ஒரு வரி. அந்தத் துண்டுகளைக் கண் இமைக்கும் நேரத்தில் கணக்குப் போட வைக்கத்தான் உயிர் போனது. ஆனால் வந்தது. பேட்ஜரின் திரையில் ஜன்னல் முதன்முதலாகச் சேதாரமில்லாமல் நகர்ந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து தனியாக ஆடினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

மிச்சம் இருந்தது அந்தத் துள்ளல். அது என்னைப் படாத பாடு படுத்தியது. ஜன்னல் போய் நின்றால் நிற்க வேண்டியதுதானே, எதற்குத் துள்ள வேண்டும்? மார்வ் காரணமில்லாமல் திரையில் ஒரு புள்ளியைக்கூட நகர்த்தமாட்டான், எனக்கு அவனைத் தெரியும். யோசித்து யோசித்துக் கடைசியில் பிடித்துவிட்டேன். ஜன்னல் துள்ளுகிற நேரத்தில் பார்க்கிறவரின் கண் அதிலேயே இருக்கும், அந்தச் சந்தில் மெஷின் திரையின் மற்ற இடங்களைச் சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளும்! ஆபீஸில் கூட்டம் போட்டு இதை விளக்கினேன். "மார்வ் பெரிய ஆளுப்பா" என்று ஒருவன் பெருமூச்சு விட்டான். நானும் துள்ளலைச் சேர்த்தேன். நிஜமாகவே அது உதவியது, அதுதான் விசேஷம்.

மார்வையே கேட்டிருக்கலாம். டோட்டி என்பவளின் ஹாம்பர்கர் கடையில்தான் அந்த வட்டாரத்து எஞ்சினியர்கள் அத்தனை பேரும் மதியம் சாப்பிடுவோம். கம்பெனி ரகசியமெல்லாம் அங்கே கெட்சப்போடு சேர்ந்து கைமாறும். ஆனால் கண்காட்சிக்குப் பிறகு மார்வ் என்னைக் கண்டால் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வெளியேறிவிடுவான். தலைக்கனம் என்று நினைத்தேன்.

புதிய பேட்ஜர் கடைக்கு வந்தது, பிய்த்துக்கொண்டு போனது. வாங்கினவர்கள் எல்லோரும் சொன்னது அந்தத் துள்ளலைத்தான். பிள்ளைகள் வேலை ஒன்றுமில்லாமல் ஜன்னலை இழுத்து இழுத்துப் போட்டுத் துள்ளவிட்டார்களாம். ராய்ஸின் ஓரியோலோ அப்போதும் "மூணே மாசத்தில்" வந்துகொண்டிருந்தது.

அப்புறம்தான் வழக்கு வந்தது. பிரதிவாதி விட்லாக் சிஸ்டம்ஸ் மட்டும் இல்லை. அதன் கீழே தனியாக வாண்டா கெசல். கண்காட்சியில் நான் முன்வரிசையில் நின்று கண் கொட்டாமல் பார்த்தேன், பார்த்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று ராய்ஸ் பத்திரிகைக்காரர்களிடம் துயரத்தோடு சொன்னார். ஆதாரம் துள்ளல். ஜன்னல் நகர்த்துவதை இரண்டு பேர் தனித்தனியாக யோசித்திருக்கலாம், அந்தத் துள்ளலை எப்படி ஐயா தனித்தனியாக யோசிப்பார்கள் என்று அவர்கள் வக்கீல் கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்கு வலித்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை. டோட்டியின் கடையில் எங்கள் ஆட்கள் யோசனை தோன்றினால் கைதுடைக்கிற காகிதத்தில்தான் படம் போடுவார்கள். நான் உள்ளே வந்தால் இப்போது அந்தக் காகிதங்களைக் குப்புறக் கவிழ்த்தார்கள். சிலர் கேலிக்குச் செய்தார்கள், சிலர் நிஜமாகவே செய்தார்கள். "ஏய், வாண்டா வருது, பிளேட்டைப் பிடிச்சுக்கங்கடா" என்று ஒருவன் கத்துவான். எவனுடைய சரக்கில் எவனுடைய யோசனை இருக்கிறது என்று எவனுக்கும் தெரியாத ஊர் அது. அந்த ஊரிலேயே திருடி என்று பெயர் வாங்க எவ்வளவு கெட்ட நேரம் வேண்டும்? இந்த வழக்கில் தோற்றால் எந்தக் கம்பெனியும் என்னை வாசற்படி ஏற்றாது. அதைவிட, நாற்காலியை விட்டு எழுந்து ஆடினேனே, அந்த நாள் என்னுடையது இல்லை என்று ஆகிவிடும்.

கென்ட் அமர்த்திய வக்கீல் பிரென்டிஸ் என்னை உட்காரவைத்துப் பாடம் சொன்னார்.

"கோர்ட்ல நீங்க ஒண்ணே ஒண்ணு சொன்னாப் போதும்மா. இது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. யாருக்கு வேணும்னாலும் தோணக்கூடியது."

"என்னது?"

"சாதாரண யோசனைன்னா யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. சாதாரணம்னு நீங்களே சொல்லிட்டா நாம ஜெயிச்சோம்."

"சார், ஒரு வருஷம் என் உயிரைக் கொடுத்திருக்கேன் அதுக்கு."

"ஐயையோ, அதை வெளிய சொல்லிடாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் பொழுதுபோகாம செஞ்சேன்னு சொல்லுங்க."

எதிர்தரப்பு வக்கீல் என்னடா என்றால், ஜன்னல் நகர்கிற அந்த நுட்பம் மேதைகளுக்கு மட்டுமே தோன்றக்கூடியது, தலைமுறைக்கு ஒருமுறை நிகழ்வது என்று வரிவரியாகப் புகழ்ந்தார். என் வேலையை அந்த மாதிரி யாரும் புகழ்ந்ததே இல்லை. என்ன, ராய்ஸ் கட்லரின் பெயரில் புகழ்ந்தார்.

வழக்கு சான் ஹோசேயில் நடந்தது. நீதிபதி பெர்னிஸ் ஓகில்வி என்ற அம்மாள். கழுத்தில் சங்கிலியில் கண்ணாடி தொங்கும். "எங்க வீட்டுல இருக்கற ஒரே மெஷின் ரொட்டி சுடறது. அதனால எல்லாரும் நிதானமாச் சொல்லுங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் கேட்டதன் பேரில் ஓரியோலைக் கோர்ட்டுக்கே கொண்டுவந்து இயக்கிக் காட்ட வேண்டும் என்று ஆனது. ராய்ஸின் வக்கீல் உற்சாகமாகத் தலையாட்டினார். ராய்ஸும் தலையாட்டினார், கொஞ்சம் தாமதமாக.

கோர்ட்டிலும் அதே மேஜை, தரை வரை அதே கறுப்புத் துணி. கம்ப்யூட்டர் நுண்ணிய பொருள், தூசு ஆகாது என்றார்கள். துணிக்கு அந்தப் பக்கம், மேஜையை ஒட்டி மார்வ் உட்கார்ந்திருந்தான். அவன் முகம் வெளிறிக் கிடந்தது. என்னைப் பார்த்தான், உடனே குனிந்துகொண்டான்.

ராய்ஸ் மவுஸைப் பிடித்தார். ஜன்னல் கடிதத்தின்மேல் வழுக்கிப் போனது. நான் இந்த முறை திரையைப் பார்க்கவில்லை. திரையில் நடப்பதை ஒரு வருஷம் உள்ளுக்குள்ளே இருந்து பார்த்தாகிவிட்டது. அதனால் கையைப் பார்த்தேன்.

புரோகிராம் எழுதுகிற எவருக்கும் தெரியும், கைதான் முதலில் போகும், திரை பின்னால்தான் வரும். நொடியில் ஒரு துணுக்கு நேரமாவது பிந்தும். அந்தத் துணுக்கைக் குறைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளமே. ராய்ஸின் ஓரியோலில் ஜன்னல் முதலில் போனது. கை பின்னால் வந்தது. உதடுகள் அசைந்தன. இந்த முறை படிக்க முடிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, இடது. ஒன்று, இரண்டு, நில்.

மனுஷர் ஜெபம் செய்யவில்லை. தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரென்டிஸின் காதில் சொன்னேன், "அவர் கை பிந்துது."

"என்ன பிந்துது?"

"அதை விடுங்க. ஜட்ஜம்மாவை மவுஸைப் பிடிச்சு இழுத்துப் பாக்கச் சொல்லுங்க."

"உங்களுக்குப் பைத்தியமா? அது வேலை செஞ்சு, அந்தம்மாவுக்கும் பிடிச்சுப் போச்சுன்னா நம்ம கதை முடிஞ்சுது."

இவரை நம்பினால் ஆகாது என்று நானே எழுந்துவிட்டேன். "யுவர் ஆனர், ஒரே ஒரு வேண்டுகோள். அதை ஒரு தடவை நீங்களே இழுத்துப் பாக்கணும்."

"நானா? எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே."

"ஒண்ணும் தெரியாதவங்களுக்காகத்தான் இதைச் செஞ்சோம்னு அவங்க விளம்பரத்துலயே போட்டிருக்காங்க."

ஓகில்வி அம்மாளுக்கு முதல் நாளிலிருந்தே அதைத் தொட ஆசை இருந்திருக்கிறது போல. அங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "அதுக்கென்ன, பாத்துட்டாப் போச்சு."

ராய்ஸ் எழுந்து, மெஷின் சூடாகிவிட்டது, ஓய்வு தராவிட்டால் கெட்டுவிடும் என்றார். பத்து நிமிஷம் இடைவேளை கிடைத்தது.

வெளியே வராந்தாவில், காபி மெஷின் பக்கத்தில் கென்ட்டும் ராய்ஸும் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷமாக ஒருவரையொருவர் பத்திரிகையில் கிழித்துக்கொண்டிருந்தவர்கள். கென்ட்டின் முகம் மலர்ந்திருந்தது.

"வாண்டா! முடிஞ்சுது! சமரசம்!"

"என்ன சமரசம்?"

"ரெண்டு கம்பெனியும் சேந்து யோசிச்சதுன்னு வெளிய சொல்லிடுவோம். ரெண்டு பேரும் வித்துக்கலாம். கேஸ் வாபஸ். உன் பேரும் கேஸ்ல இருக்கறதால நீ ஒரு கையெழுத்துப் போடணும், அவ்வளவுதான்."

"என்னன்னு?"

"ஓரியோலைப் பாத்துத்தான் செஞ்சேன், வருந்துறேன்னு."

நான் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "கென்ட், அந்த மெஷினுக்குள்ள ஒரு மண்ணும் இல்ல. எல்லாம் நடிப்பு."

"தெரியும்" என்றார் கென்ட், குரலைத் தாழ்த்தி.

"தெரியுமா?"

"இப்பத்தான். அவன் முகத்தைப் பாத்தேன். எத்தனை பம்பு வித்திருக்கேன், எனக்குத் தெரியாதா? அதனாலதானே இவ்வளவு இறங்கி வந்திருக்கான். இதைவிட நல்ல நேரம் வராது வாண்டா."

"அப்ப நான் திருடின்னு எழுதிக் கொடுக்கணும்."

"திருடின்னு யாரும்மா சொன்னா? வருந்துறேன்னுதான் இருக்கு."

ராய்ஸ் அந்தப் பாதிரியார் குரலோடு பக்கத்தில் வந்தார். "வாண்டா, நாமெல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் எடுத்துக்கறவங்கதானே. 'வருந்துறேன்' ஒரு சின்ன வார்த்தை. சொல்லிட்டா என்ன குறைஞ்சிடும்?"

"குறையாதுன்னா நீங்க சொல்லிடுங்க, முதல்ல."

அவர் கென்ட் பக்கம் திரும்பினார்.

"கையெழுத்துப் போடலேன்னா வேலை இருக்காதும்மா" என்றார் கென்ட், உண்மையான வருத்தத்தோடு. நல்ல மனிதர் என்று சொன்னேன் இல்லையா?

வீட்டு வாடகை, கார் தவணை எல்லாம் ஒரு சுற்று கண்முன்னால் வந்து போனது. கூடவே குப்பை மெஷின் தனியாக ஓடிக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமையும் வந்தது. "என் பேரை வழக்குல தனியா இழுத்துவிட்டது நீங்க" என்று ராய்ஸிடம் சொன்னேன். "அதனால என் கையெழுத்து இல்லாம இதை நீங்க மூட முடியாது. நான் போட மாட்டேன். வாங்க, உள்ள போவோம், அந்தம்மா காத்துக்கிட்டிருப்பாங்க."

உள்ளே நீதிபதி ஏற்கெனவே இறங்கி வந்து ஓரியோலின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தார். ராய்ஸ் மார்வைப் பார்த்தார். மெஷின் கெட்டுவிட்டது என்று சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எனக்கே புரிந்தது என்றால் மார்வுக்குப் புரியாமல் இருக்குமா? மார்வ் என்னை ஒரு தடவை பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டான். துணிக்குள் கையை விட்டு எதையோ அமுக்கினான்.

ஓகில்வி அம்மாள் மவுஸை வலது பக்கம் இழுத்தார். ஜன்னல் இடது பக்கம் கிளம்பியது. அவர் பதறிப்போய் மேலே தள்ளினார். ஜன்னல் அதைச் சட்டை செய்யாமல், ஆடாமல் அசங்காமல், கடிதத்தின்மேல் வழுக்கிக்கொண்டு இடது பக்கமே போனது. யாரும் திரையைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. எல்லோரும் ராய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேஜைக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்த ராய்ஸ் கட்லரின் வலது கை, ஒன்றையும் பிடிக்காமல், காற்றில் மெதுவாக இடது பக்கம் போய்க்கொண்டிருந்தது. உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. எத்தனை நாள் பழகினாரோ பாவம், கைக்கு அது மனப்பாடம் ஆகிவிட்டது. ஜன்னல் நின்றது, கை நின்றது. ஜன்னல் துள்ளியது. கையும் ஒரு துள்ளு துள்ளி அடங்கியது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்.

"மிஸ்டர் கட்லர், மவுஸ் என் கையில இருக்கு" என்றார்.

துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடியில் ஒரு வீடியோ டேப் ஓட்டுகிற மெஷின் இருந்தது. திரைக்கும் அதற்கும் ஒரு வயர். மவுஸின் வயர் மேஜைக் காலில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

தீர்ப்பில் ஓகில்வி அம்மாள் நிறைய எழுதினார், பெரும்பாலும் ராய்ஸுக்கும் அவருடைய வக்கீலுக்கும் உரியது. எனக்கு உரியது ஒரு வாக்கியம். இல்லாத ஒன்றை வாண்டா கெசல் திருடியிருக்க முடியாது, இருப்பதாக நம்பி அவரே அதைச் செய்திருக்கிறார். அதைக் கேட்டதும் நான் கோர்ட்டிலேயே தேம்பி அழுதேன். பிரென்டிஸ் கைக்குட்டை கொடுத்துவிட்டு, "இது சாதாரண யோசனைன்னு சொல்லாம விட்டதே நல்லதாப் போச்சு பாருங்க" என்றார்.

வெளியே வந்ததும் கென்ட் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேலை போகும் என்று சொன்னதெல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. "அடப்பாவி, அன்னிக்கே அது டுபாக்கூர்னு தெரிஞ்சிருந்தா உன்னைச் செய்யச் சொல்லியிருக்கவே மாட்டேனே!" என்றார்.

"தெரிஞ்சிருந்தா நானும் செஞ்சிருக்க மாட்டேன்" என்றேன். அது சத்தியமான உண்மை. ராய்ஸ் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு முடியாது என்று நிரூபித்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரமே முழுப்பக்க விளம்பரம் வந்தது. "உலகிலேயே முதல்!" கீழே கென்ட்டின் படம். படத்தில் அவர் மவுஸைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் எதையோ பார்த்தார். என் பெயர் எங்கே என்று தேடினேன். "எங்கள் குழு" என்று ஓர் இடத்தில் இருந்தது. ராய்ஸ் கொஞ்ச நாள் தலைமறைவாக இருந்துவிட்டு, மற்றவர்களுக்கு வெறும் கம்ப்யூட்டர் தெரிந்த காலத்திலேயே எனக்கு எதிர்காலம் தெரிந்தது என்று பேசக் கிளம்பினார். கை தட்டினார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான்.

அந்தச் சமயத்தில் ஒரு மதியம் டோட்டியின் கடை வெளித்திண்ணைப் பெஞ்சில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மார்வ் வந்து நின்றான். வேலை இல்லாதவன் மாதிரி இருந்தான், வேலை இல்லாமல்தான் இருந்தான். கூடவே அவனுடைய நாய், மஃபின். குண்டுப் பெட்டை, எந்த நேரமும் ஆடுகிற தடித்த வால்.

"உக்காரலாமா?"

"உக்காரு. காகிதத்தை எல்லாம் கவுத்து வைக்கட்டுமா?"

சிரித்தான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முடியாதுன்னு நானும் படம் போட்டுக் காட்டினேன் வாண்டா, ராய்ஸ்கிட்ட. அப்ப படமாவது எடுத்துக் கொடுன்னுட்டார்" என்றான். கடிதத்தைப் பெரிய தாளில் அச்சடித்து மேஜையில் விரித்து, ஜன்னலை அட்டையில் வெட்டி, ஒரு நூல் அளவாக நகர்த்தி நகர்த்திக் கேமராவில் பிடித்தானாம். வீட்டில், சாப்பாட்டு மேஜையில்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. "அந்தத் துள்ளல் மார்வ். கண்ணை அங்க இழுத்துட்டு, அந்த நேரத்துல மிச்சத்தைச் சரிபண்ணிக்கறதுக்குத்தானே? அதை எப்படி யோசிச்சே?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "எந்தத் துள்ளல்?"

"கடைசியில. ஜன்னல் நின்னதும்."

"ஓ, அதுவா" என்றான். பெஞ்சுக்கு அடியில் கையை விட்டு நாயின் தலையைத் தட்டினான். "இவ வாலால மேஜைக் காலைத் தட்டிட்டா. அட்டை எகிறிடுச்சு. திரும்ப எடுக்கணும்னு சொன்னேன். நேரமில்ல, இருக்கட்டும் விடுன்னுட்டார் ராய்ஸ்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். எங்கள் ஆபீஸில் கூட்டம் போட்டு விளக்கியது, ஒருவன் பெருமூச்சு விட்டது, வக்கீல் எடுத்து வீசிய ஆதாரம், பிள்ளைகள் நாள் முழுக்கத் துள்ளவிட்டது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தேன். மார்வும் சேர்ந்துகொண்டான், என்னவென்று தெரியாமலே.

"அப்ப நான் திருடினது நிஜம்தான் மார்வ். அது ஒண்ணை மட்டும்."

"இவ கேஸ் போட மாட்டா" என்றான்.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. என் பர்கரில் பாதியை மஃபினுக்குக் கொடுத்தேன். ஆபீஸுக்குத் திரும்பிப் போய், பேட்ஜரின் புரோகிராமில் துள்ளல் வருகிற இடத்தைத் திறந்தேன். ஓடும்போது மெஷின் கண்டுகொள்ளாத, எங்களுக்கு மட்டும் தெரிகிற குறிப்பு எழுத அங்கே இடம் உண்டு. "இந்த யோசனை மஃபினுடையது" என்று எழுதி வைத்தேன். எங்கள் பள்ளத்தாக்கில் யோசனைக்குச் சொந்தக்காரரின் பெயரை ஒழுங்காகப் போட்ட புரோகிராம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.